குளத்துக் கரையில் குழாய் ஓரம் கசிவு: மழைக்காலத்துக்கு முன் என்ன செய்யலாம்?

கீரைப்பாத்தி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு கீரைத் தோட்டம். பாசனத்துக்கு மழைநீர் சேர்க்கும் குளம் ஒன்று இருக்கிறது, சுமார் 40 மீ × 25 மீ. மூன்று பக்கம் தரையைத் தோண்டியது. தாழ்வான நான்காம் பக்கம் மட்டும் மண்கரை. கரையின் நீளம் 40 மீ, நடுவில் வெளிப்பக்க உயரம் 2.2 மீ, மேல் அகலம் 1.5 மீ. நிறைந்தால் ஏறத்தாழ 1,200 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். கரைக்குக் கீழே 30 மீட்டரில் உரக்கொட்டகை, அதையடுத்து வேலையாட்கள் ஓய்வெடுக்கும் கொட்டகை.

பிரச்சினைகள்:

கரையின் அடியில் 150 மி.மீ. பிவிசி குழாய் குறுக்கே போகிறது, வால்வு வெளிப்பக்கம். குழாய் வெளியே வரும் இடத்தைச் சுற்றி எப்போதும் ஈரம். இப்போது சிறு ஓட்டமாகவே வருகிறது. பெரிய மழைக்குப் பிறகு கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கிறது. மண்வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் வெளியே சிமெண்ட் பூசி அடைத்துவிடலாம் என்கிறார்.

உபரி நீர் போக 150 மி.மீ. குழாய் இரண்டு, கரை உச்சிக்கு 30 செ.மீ. கீழே பதித்திருக்கிறது. பசுமைக்குடில் கூரை அரை ஹெக்டேர் புதிதாகப் போட்டு, அந்தத் தண்ணீரையும் குளத்துக்கே திருப்பிவிட்டோம். அதன் பிறகு ஒரு மழையில் தண்ணீர் உச்சிக்கு ஒரு சாண் கீழே வரை ஏறிவிட்டது.

கரையில் அக்கேசியா மரம் மூன்று, உடும்புப் பொந்து இரண்டு. நவம்பருக்குள் எதை முதலில் செய்வது?

---

மண்ணியல் எழுதியது:

சிமெண்ட் பூசவே பூசாதீர்கள். கரைக்குள் புகுந்த தண்ணீருக்கு இப்போது வெளியேற ஒரு வழி இருக்கிறது. அந்த வாயை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது; உள்ளே அழுத்தம் ஏறி, பூச்சின் ஓரத்திலோ அதற்கு மேலேயோ வேறு வழி தேடும். வெளிச்சரிவு ஊறிச் சரியவும் கூடும். வெளிப்பக்கம் செய்ய வேண்டியது அடைப்பு அல்ல, வடிகட்டி. தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக் கூடாது.

உங்கள் பதிவில் என்னை உறுத்துவது ‘கலங்கல்’ என்ற சொல். தெளிந்த கசிவு பல மண்கரைகளில் உண்டு, கண்காணித்துக்கொண்டு காலம் தள்ளலாம். கலங்கி வந்தால் கரையின் மண் கரைந்து வெளியே போகிறது என்று பொருள். வெளி முனையில் தொடங்கும் அரிப்பு உள்நோக்கிக் குடைந்து, குளத்து நீரைத் தொட்டதும் சில மணி நேரத்தில் கரையையே உடைத்துவிடும். குழாய் ஓரம்தான் இதற்கு வழக்கமான இடம், ஏனென்றால் வட்டக் குழாயின் அடிவயிற்றுப் பகுதியில் மண்ணை யாரும் சரியாக இடித்து இறுக்குவதில்லை. அமெரிக்காவின் ஐடஹோவில் 1976 ஜூனில் முதன்முறை நிரம்பும்போதே உடைந்த டீட்டன் அணையும் உள்ளரிப்பில் போனதுதான். அது 90 மீட்டருக்கு மேல் உயரம், உங்களுடையது 2.2, ஆனால் மண் கரையும் விதம் ஒன்றே.

முதலில் அளந்து வையுங்கள். கசிவை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அதோடு அன்றைய குளத்து மட்டம், மழை, இரண்டையும் குறிக்க வேண்டும். மட்டம் ஏறும்போது கசிவும் ஏறினால் அது இயல்பு. மட்டம் மாறாமல் கசிவு மட்டும் ஏறினால் அரிப்பு நடக்கிறது. கண்ணாடிப் புட்டியில் கசிவு நீரைப் பிடித்து அசையாமல் வைத்து, மறுநாள் அடியில் மண் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரும் புட்டியில் மண் விடுவதுண்டு.

வால்வு வெளியே இருப்பதால் குழாய் முழுவதும் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கிறது. ஓட்டை குழாயிலேயே இருக்கலாம். உள்முனையைக் காற்றடைக்கும் ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டு, வால்வைத் திறந்து குழாயைக் காலியாக்குங்கள். ஓரிரு நாளில் கசிவு நின்றால் குழாய் இணைப்பு விட்டிருக்கிறது. நிற்காவிட்டால் குழாயை ஒட்டி மண்ணுக்குள் வழி ஏற்பட்டிருக்கிறது. உள்முனையை மூட ஆள் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. குழாய் வாயில் உறிஞ்சல் இருக்கும், கை சிக்கினால் ஆபத்து. மட்டத்தை வாய் தெரியும் வரை இறக்கிவிட்டு மூடுங்கள். கண்டுபிடிக்கச் சாயம் ஊற்றும் யோசனையும் வேண்டாம். அந்தப் பக்கத்து வடிகால்கள் பெரும்பாலும் கிராஞ்சி, சரிம்புன், மூராய் நீர்த்தேக்கங்களில் போய்ச் சேருபவை.

மட்டத்தை இறக்குவதிலும் நிதானம் தேவை. ஒரு நாளைக்கு 15 முதல் 20 செ.மீ. போதும். களிமண் கரை ஊறியிருக்கும்போது எதிரே தாங்கிய தண்ணீரைச் சட்டென்று எடுத்துவிட்டால் உட்சரிவு வழுக்கிக் குளத்துக்குள் விழும். உங்கள் குளத்தில் 20 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 200 கன மீட்டர்; மூன்று அங்குலப் பம்பு நான்கைந்து மணி நேரம் ஓடினால் ஆகிவிடும். கரை உடையப்போகிறது என்ற நிலையில் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம், முடிந்த வேகத்தில் இறக்குங்கள்.

தற்காலிக வடிகட்டி இப்படி: ஈரப்பகுதியைச் சுற்றி ஒரு மீட்டர் கூடுதலாக எடுத்து, புல்லையும் மேல்மண்ணையும் 15 செ.மீ. சுரண்டுங்கள். அதன்மேல் கான்கிரீட்டுக்குப் போடும் பருமணல் 30 செ.மீ., அடுத்து 10 மி.மீ. சல்லி 20 செ.மீ., மேலே 20 முதல் 40 மி.மீ. கல் 20 செ.மீ. வரிசை மாறக் கூடாது: மண்ணைத் தொடுவது மணல், வெளியே போகப்போகப் பருமன் கூட வேண்டும். மணலில் தூசி அதிகம் இருந்தால் அதுவே அடைப்பாகிவிடும். புட்டியில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேற்று அடுக்கு மொத்த மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த மணலைத் திருப்பி அனுப்புங்கள். சாந்து பூசும் நைஸ் மணல் உதவாது. வடிகட்டித் துணியை மட்டும் விரித்துக் கல்லைப் போட்டு மூடும் பழக்கம் இங்கே அதிகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, துணியில் களி அப்பினால் கதை முடிந்தது.

---

நீர்க்கணக்கு எழுதியது:

மண்ணியல் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் முதலிடம் கசிவுக்கா என்றால், எனக்கு அந்த இரண்டு உபரிக் குழாய்கள்தான் பெரிய பயம். கசிவு முன்னறிவிப்பு கொடுக்கும். கரை மேலே வழியும் தண்ணீர் கொடுக்காது.

கணக்கைப் பாருங்கள். ஓடுநீர்க் கெழு (பெய்யும் மழையில் எத்தனை பங்கு ஓடிவரும் என்பது), மணிக்கு மில்லிமீட்டரில் மழையின் வேகம், ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் வரும் என்பது கிடைக்கும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வடிகால் விதிநூல் காய்கறித் தோட்டமும் மீன்குளமும் உள்ள நிலத்துக்கு 0.45 என்ற கெழுவைத் தருகிறது. கூரைக்கு 1 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடக் கொட்டுமழைக்கு மணிக்கு 200 மி.மீ. வேகம் இங்கே மிகையில்லை. தோட்டத்திலிருந்து குளத்துக்கு வரும் நிலம் 0.7 ஹெக்டேர் என்று கொள்வோம் (சரியான அளவு சொன்னால் திருத்திக்கொள்ளலாம்): 0.45 × 200 × 0.7 ÷ 360 = 0.175. கூரை: 1 × 200 × 0.5 ÷ 360 = 0.278. மொத்தம் விநாடிக்கு 0.45 கன மீட்டர்.

150 மி.மீ. குழாய், வாய்க்கு மேல் 30 செ.மீ. நீர் நின்றால்கூட விநாடிக்கு 0.025 கன மீட்டர்தான் தள்ளும். இரண்டும் சேர்ந்து 0.05. வருவதில் ஒன்பதில் ஒரு பங்கு! குளம் ஏற்கெனவே நிறைந்திருக்கும் டிசம்பரில் அப்படி ஒரு மழை அரை மணி நேரம் நின்றால் கரை மேல் தண்ணீர் புரளும். ஒரு இலைக்கொத்து ஒரு வாயை அடைத்தால் இன்னும் சீக்கிரம். பசுமைக்குடில் கூரை வருவதற்கு முன் தப்பித்துக்கொண்டிருந்த குளம் இது. கூரையைச் சேர்த்ததும் வரத்து இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது.

குழாயை விட்டுவிட்டு, உபரி நீர் வழிந்து போகத் திறந்த கலிங்கு போடுங்கள். அகலமான படி மேல் 20 செ.மீ. உயரம் தண்ணீர் ஓடினால் மீட்டருக்கு 0.15 கன மீட்டர் போகும் (1.7 × 0.2இன் ஒன்றரை அடுக்கு). ஆக 3 மீட்டர் அகலம் கணக்குக்குச் சரி, 4 மீட்டராக வெட்டுங்கள். கலிங்குப் படியின் மட்டம் கரை உச்சிக்கு 50 செ.மீ. கீழே இருக்கட்டும்: 20 ஓட்டத்துக்கு, 30 அலைக்கும் கரை இறக்கத்துக்கும். இப்போதைய குழாயைவிட 20 செ.மீ. தாழ்வு, அதாவது அதிகபட்சம் 200 கன மீட்டர் சேமிப்பு குறையும். அது வேண்டுமானால் உள்ளே தோண்டிச் சம்பாதியுங்கள், கரையை உயர்த்தி அல்ல.

கலிங்கை நிரப்பிய மண்கரையின் நடுவில் வெட்டாதீர்கள். கரை முடிந்து இயற்கைத் தரை தொடங்கும் ஓரத்தில் வெட்டி, தண்ணீர் கரையின் அடியைத் தொடாமல் சுற்றிப் போகும்படி ஓடையை இழுக்க வேண்டும். படி மட்டும் 15 செ.மீ. தடிமன் கான்கிரீட், இரு முனையிலும் 60 செ.மீ. ஆழத்துக்குத் தடுப்புப் பல் (படிக்கு அடியில் நீர் புகாமல் மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் விளிம்பு). ஓடையில் புல் நன்றாகப் பிடித்திருந்தால் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் வரை தாங்கும். அதற்கு மேல் சரிவு இருந்தால் கல் பதிக்க வேண்டும். பொது வடிகாலில் சேர்க்கும் இடத்துக்குக் கழகத்தின் அனுமதி தேவை. நிலம் குத்தகை என்றால் மண்வேலைக்கும் நிலம் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு. கோடையில் தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று கலிங்கில் மணல்மூட்டை அடுக்குவார்கள், எடுக்க மறப்பார்கள். திலாப்பியா ஓடிவிடும் என்று வலை கட்டுவார்கள். குப்பை சேர்ந்து ஒரே இரவில் அது சுவராகிவிடும். இரண்டும் கூடாது.

கூரைத் தண்ணீரை நேரே வடிகாலுக்குத் திருப்ப ஒரு வால்வு வைக்கலாம், வரத்தில் அறுபது விழுக்காடு குறையும். ஆனால் சுமத்ராப் புயல்மழை விடியற்காலையில் வரும், அப்போது எழுந்து போய் யார் திருப்புவார்கள்? கலிங்குக் கணக்கில் அதைக் கழிக்காதீர்கள்.

---

வரப்புப்புல் எழுதியது:

தம்பி, மரத்துக்கும் பொந்துக்கும் நான் சொல்கிறேன்.

மணிக்கட்டுத் தடிமனுக்குள் இருக்கும் அக்கேசியாவைத் தரைமட்டத்தில் அறுத்து, வெட்டுமுகத்தில் உடனே களைக்கொல்லி தடவினால் போதும். பெரிய மரத்தை இப்போது வேரோடு பிடுங்காதீர்கள். குழியை நிரப்பி இடித்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும். அதேபோல் வெறுமனே அறுத்து விட்டுவிடவும் கூடாது: அடிமரம் மக்கியதும் ஒவ்வொரு வேரும் ஒரு குழாய். இப்போதைக்குக் காற்றில் சாய்ந்து கரையைப் பெயர்க்காதபடி கிளையைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். பிப்ரவரியில் மழை குறைந்ததும், குளத்து மட்டத்தை இறக்கிவைத்து, வேர்க்கட்டியோடு எடுத்து, குழியின் ஓரங்களைச் சரிவாக வெட்டி, களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக இடித்து நிரப்புங்கள். மண்ணைக் கையில் உருட்டினால் பென்சில் தடிமன் கயிறாக வர வேண்டும். அதற்கு முன்பே பொடிந்தால் ஈரம் போதாது, கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். தண்டின் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் என்றால் வெட்டுமுன் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிடுங்கள்.

உடும்பைப் பிடிக்கவோ கொல்லவோ அனுமதியில்லாமல் முடியாது, வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. பொந்தின் வாயில் இரவு மாவு தூவி, தடம் பார்த்து, உள்ளே உயிர் இல்லை என்று உறுதியான பிறகு மூடுங்கள். வாயில் மட்டும் மண்ணைத் தள்ளி மிதித்தால் உள்ளே குகை அப்படியே இருக்கும். ஒன்பது பங்கு மண், ஒரு பங்கு சிமெண்ட், கூழ்ப் பதத்துக்குத் தண்ணீர்; பொந்துக்குள் சற்று மேல்நோக்கி ஒரு குழாயைச் செருகி, புனல் வைத்து, நிரம்பி வழியும் வரை ஊற்றுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் துத்தநாகம் பூசிய கம்பிவலை பதித்தால் திரும்பத் தோண்டாது.

கரையில் மாட்டுப்புல் போதும், ஒரு சாணுக்கு மேல் வளர விடாமல் வெட்ட வேண்டும். வெட்டிய புல் பார்வைக்கு அல்ல, பொந்தும் ஈரமும் விரிசலும் தெரிவதற்கு. சர்க்கரைவள்ளியும் பரங்கியும் கரையில் ஏற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள். கொடிக்கு அடியில் எலி குடும்பம் நடத்தும்.

---

கீரைப்பாத்தி எழுதியது:

மிக்க நன்றி அக்கா, அண்ணன்மார்களே. நிலம் அளந்து பார்த்தேன், 0.8 ஹெக்டேர். கசிவு 10 லிட்டர் வாளிக்கு 50 விநாடி. புட்டியில் மெல்லிய படிவு இருக்கிறது. குழாயைச் சோதித்தேன், மூடிய பிறகும் கசிவு நிற்கவில்லை. அப்படியானால் நிரந்தரத் தீர்வு என்ன? கரையில் வெட்டிவேர் நட்டால் பிடிப்பு வருமா? குத்தகைக்காரர் எக்ஸ்கவேட்டர் வரும்போதே உள்ளே தூர்வாரிவிடலாம் என்கிறார்.

---

மண்ணியல் எழுதியது:

50 விநாடிக்கு 10 லிட்டர் என்றால் விநாடிக்கு 0.2 லிட்டர். அளவு சிறிதுதான், படிவுதான் கவலை. வடிகட்டியை இந்த வாரமே போடுங்கள். வெளியே வரும் நீரை 90 பாகை வி வடிவ வெட்டுள்ள பலகை வழியாக விடுங்கள். இதே ஓட்டத்துக்கு வெட்டில் 3 செ.மீ. உயரம் நிற்கும், 5 செ.மீ. ஆனால் விநாடிக்கு 0.8 லிட்டர், 10 செ.மீ. ஆனால் 4 லிட்டருக்கு மேல். வேலையாள் யாரும் அளவுகோலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நீர் தேங்கும் அந்தத் தொட்டியைக் கொசுவலையால் மூடுங்கள். கரையில் தார்ப்பாய் போடும் எண்ணம் இருந்தாலும் மடிப்புகளில் நீர் நின்று ஏடிஸ் கொசு வளரும், சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் தேடி வரும்.

நிரந்தரத்துக்கு என் யோசனை: அந்தக் குழாயே வேண்டாம். பிப்ரவரியில் குளத்தை இறக்கி, குழாயைத் தோண்டி எடுத்து, வெட்டின் இரு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சரிவாகச் சீவுங்கள். செங்குத்தாக விட்டால் புது மண் இறங்கும்போது பழைய மண்ணோடு ஒட்டாமல் விரிசல் விடும். களிமண்ணால் அடுக்கடுக்காக மூடிய பிறகு, கரை உச்சி வழியாக 110 மி.மீ. எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் சைஃபன் (கரையைத் துளைக்காமல், மேலேறி இறங்கும் குழாய் நீரைத் தானே இழுத்து வெளியேற்றும் அமைப்பு) வையுங்கள். உள்முனையில் நீர் திரும்ப வழியாமல் தடுக்கும் ஃபுட் வால்வு, வெளிமுனையில் திறந்து மூடும் கேட் வால்வு, உச்சியில் தண்ணீர் ஊற்றி நிரப்ப மூடியுள்ள ஒரு டீ வடிவ இணைப்பு. ஒன்றரை மீட்டர் மட்ட வித்தியாசத்தில் விநாடிக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் வரும், பாசனத்துக்குத் தாராளம்.

குழாய் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் பிளம்பரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அடியில் மணல் மெத்தை போடக் கூடாது. சாலையில் பதிக்கும் குழாய்க்கு அது சரி. கரையில் அது குளத்திலிருந்து வெளியே வரை நீளும் வடிகால். மணல் இருக்க வேண்டிய இடம் கரையின் வெளி மூன்றில் ஒரு பகுதியில், குழாயைக் குறுக்காகச் சூழும் 60 செ.மீ. தடிமன் சுவராக மட்டும். பக்கவாட்டிலும் மேலேயும் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு நீள வேண்டும்.

வெட்டிவேரைத் தோண்டிய மூன்று பக்கச் சரிவிலும் கலிங்கு ஓடை ஓரத்திலும் நடுங்கள். கரையில் வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் இறங்கும் வேர், உங்கள் கரையே 2.2 மீட்டர்.

---

வரப்புப்புல் எழுதியது:

இதில் நான் ஒத்துப்போகவில்லை. வெட்டிவேரின் வேர் மெல்லியது, அக்கேசியாபோல மக்கிக் குழாய் ஆகாது. வெளிச்சரிவின் மேல்பாதியில் கிடைவரிசையாக நட்டால் மழை அரிப்புக்கு அதைவிட நல்லது இல்லை. கசிவு இருக்கும் கீழ்ப்பாதியை மட்டும் வெறும் புல்லாக விட்டால் போதும், அடி கண்ணுக்குத் தெரியும்.

---

நீர்க்கணக்கு எழுதியது:

0.8 ஹெக்டேர் என்றால் மொத்தம் 0.48. நான்கு மீட்டர் கலிங்கு இன்னும் போதும்.

தூர்வாரலை இப்போது செய்யாதீர்கள். உள்பக்கம் கரையின் அடியிலிருந்து 10 மீட்டருக்குள் எப்போதுமே தோண்டாதீர்கள். அங்கே படிந்த வண்டல்தான் கசிவைப் பாதி அடைத்துவைத்திருக்கிறது, அடியைப் பறித்தால் உட்சரிவும் இறங்கும். எடுத்த சேற்றைக் கரை மேல் கொட்டிக் காயவைப்பதும் தவறு. கலங்கிய நீரை வடிகாலில் விடாதீர்கள்: மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விதிமீறல். படிவுத் தொட்டி வழியாக விடுங்கள்.

கலிங்கு முடியும்வரை குளத்தை உபரிக் குழாய்க்கு அரை மீட்டர் கீழேயே வைத்திருங்கள். கரைக்குப் பக்கத்தில் 3 டன் பருமணல், ஒரு டன் சல்லி, 60 காலிச் சாக்கு, மூன்று அங்குல டீசல் பம்பு தயாராக இருக்கட்டும். கசிவு திடீரென்று சேறாக வந்தாலோ வெளியடியில் மணல் கொதிப்பதுபோல் பொங்கினாலோ அதன் வாயை மூட வேண்டாம். சுற்றிலும் மணல்மூட்டையை வளையமாக அடுக்கி உள்ளே நீர்மட்டம் ஏற விடுங்கள், தெளிந்து வரத் தொடங்கும் உயரத்தில் நிறுத்துங்கள், பம்பைப் போடுங்கள். ஆனால் அதற்கும் முன் கீழே உள்ள கொட்டகையைக் காலி செய்து, அங்கே போகும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சொல்லப்போனால் அந்த ஓய்வுக்கொட்டகையை மழைக்காலம் முடியும்வரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது மேல்.

---

கீரைப்பாத்தி எழுதியது:

கொட்டகையை நாளையே மேட்டுப்பக்கம் மாற்றுகிறோம். மணல் கடையில் ‘கழுவிய மணல்’ என்று ஒன்று சொல்கிறார்கள், அது போதுமா?

---

மண்ணியல் எழுதியது:

பெயரை நம்பாதீர்கள், ஒரு சாக்கு மட்டும் வாங்கிப் புட்டியில் குலுக்கிப் பாருங்கள். கல் உடைத்த தூளையும் அந்தப் பெயரில் விற்பார்கள், அதில் மாவு அதிகம். சிரங்கை மணலைக் காயவைத்து விரலிடுக்கில் விட்டால் தனித்தனியாக உதிர வேண்டும். ஈரத்தில் உருண்டை பிடித்தது காய்ந்த பிறகும் உருண்டையாகவே நின்றால் வாங்க வேண்டாம்.